ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய எக்ஸ்ரே படம்

"இன்னாய்யா இது, மீசை எங்க?"

இப்படிக் கேட்டு என்னிடம் சண்டைக்கு வந்தவர் வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவர். தாடை வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். நாளைக்குப் படம் எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லி அனுப்பியது எங்கள் தப்பு. மறுநாள் சரிகைத் தலைப்பாகை, கோட்டு, சங்கிலி வைத்த கடிகாரம், மெழுகு தடவி முறுக்கிய மீசை என்று மாப்பிள்ளைக் கோலத்தில் வந்து இறங்கினார். கூடவே இரண்டு மச்சான்கள். தாங்களும் ஓரமாக நின்றுகொள்ளலாமா என்று கேட்டார்கள். காய்ந்த படத்தை வெளிச்சத்தில் காட்டியபோது மனிதரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "இவ்ளோ பெரிய மீசையை உட்டுட்டு சொத்தைப் பல்லை மட்டும் புடிச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு போட்டோக்காரனா?" என்றார். பல்லைப் பிடுங்கி, வீக்கம் வடிந்து, வீட்டுக்குப் போகும்போதும் அந்த மனத்தாங்கல் அவருக்குத் தீரவில்லை.

இதையெல்லாம் எழுதச் சொன்னவர்கள் எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் இப்போது வேலை பார்க்கும் இளவட்டங்கள். சமீபத்தில் அங்கே புது மெஷின் வந்திருக்கிறது. சுவரில் சுவிட்சைத் தட்டினால் மின்சாரம் வருகிறது. கண்ணாடித் தகட்டுக்குப் பதில் வளைகிற பிலிம். கழுவுவதற்குக் குளிரூட்டிய தொட்டி. இவர்கள் படம் எடுத்துக் கழுவிக் காபியும் குடித்துவிடுகிற நேரத்தில் நாங்கள் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்போம். ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டு மெஷினுக்கு மாலை போடச் சொன்னார்கள். போட்டேன். "உங்க காலத்துல எப்படி சார்?" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டு வைத்தார்கள். ஓய்வு பெற்றவனிடம் அப்படிக் கேட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

என் பெயர் தேவராஜ். ஆம்பூர்ப் பக்கம்தான். அப்பாவுக்குத் தோல் கொட்டகையில் சுண்ணாம்புக் குழி வேலை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்து, ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குச் சேர்ந்து, புண் கட்டக் கற்றுக்கொண்டு டிரஸ்ஸர் ஆனேன். முதல் உலகச் சண்டை முடிந்த கையோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின் வந்தது. அதைக் கற்றுக்கொண்டு வரச் சென்னைப்பட்டணத்துக்கு ஒரு ஆளை அனுப்ப வேண்டும். டாக்டர் என்னைக் காட்டினார். "சுண்ணாம்புக் குழி வாடையில பொறந்து வளர்ந்தவர். மருந்துத் தண்ணி வாடைக்கெல்லாம் அசர மாட்டார்" என்றார். என் தகுதி அவ்வளவுதான். பட்டணத்தில் நான் கற்றதில் பாதி, எதைத் தொடக்கூடாது என்பது. மீதியை இங்கே வந்து தொட்டுக் கற்றுக்கொண்டேன்.

டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ராகவலு நாயுடு என்று பெயர். சித்தூர்ப் பக்கம். வார்டு பெருக்குகிறவரிலிருந்து வக்கீல் வரைக்கும் எல்லோரையும் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். ஒரு தடவை துடைத்தால் எச்சரிக்கை. இரண்டாம் தடவை துடைத்தால் அந்த இடத்தில் ஈ, காக்கை இருக்காது. தெரியாது என்ற வார்த்தையும் அவர் வாயில் வராது, "பார்ப்போம்" என்பார். பெரிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். அதைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல எடுத்து வருவார்.

அந்தக் காலத்தில் ஒரு படம் எடுப்பது என்பது கல்யாணம் பண்ணுவது மாதிரி. பின்புறக் கொட்டகையில் எண்ணெய் இன்ஜினை நான் சுற்றிக் கிளப்ப வேண்டும். அது இருமிக்கொண்டே ஓட ஆரம்பித்து, டைனமோ சூடாகி, கண்ணாடிக் குழாய் பச்சையாக மினுங்கும். படபடவென்று பொறி பறக்கும். நெஞ்சுக்குப் படம் என்றால் அத்தனை நேரமும் நோயாளி மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். டாக்டர் தாமும் பிடிப்பார். அடுத்தவரை எவ்வளவு நேரம் மூச்சடக்கச் சொல்லலாம் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அவர் கன்னம் உப்புவதைப் பார்த்து நானும் பிடிப்பேன். ஜன்னலில் எட்டிப் பார்க்கிற சொந்தக்காரர்களும் பிடிப்பார்கள். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து விடுகிற பெருமூச்சு ரோடு வரைக்கும் கேட்கும். படம் எடுத்தாலே நோய் போய்விடும் என்று பாதிப் பேர் நம்பினார்கள். குடியாத்தத்து நெசவுக்காரர் ஒருவர் முழங்காலுக்குப் படம் எடுத்த மறுவாரம் வந்து, "நல்லாக் கேக்குது சாமி, இன்னொரு வேளை குடுங்க" என்றார்.

இந்த வேடிக்கைகளுக்கு நடுவில் ஒரு கட்டைவிரல் வந்தது.

அந்தக் கட்டைவிரலுக்குச் சொந்தக்காரர் மஸ்தான் பாய். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தோல் கொட்டகையில் தரம் பிரிப்பவர். சொந்த ஊர் மேல்விஷாரம். பதனிட்டுக் காய்ந்த தோல்களை ஜன்னல் பக்கம் அடுக்கி வைப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்து, வலது கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு தடவு தடவி, முதல் தரம், இரண்டாந்தரம் என்று ஒதுக்குவார். அவர் முதல் தரம் என்று போட்டால் சீமைக்குப் போகிற கட்டைப் பிரித்துப் பார்க்கிற வழக்கமில்லை. அவருக்கு ஒரு விதி உண்டு: சொந்தச் சரக்குக்கு முதல் தரம் போட மாட்டார். அவர் மைத்துனன் கொண்டுவந்த ஆட்டுத்தோல் கண்ணாடி மாதிரி இருந்தாலும் இரண்டாந்தரம்தான். அதனால் மைத்துனனுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது.

அந்த விரல்தான் வீங்கிக் கறுத்துச் சீழ் வைத்து, கத்தரிக்காய் மாதிரி ஆகியிருந்தது. வேலூரிலிருந்து வாரம் ஒரு நாள் சாயங்கால ரயிலில் பெரிய சர்ஜன் ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். போன வாரம் அவர் பார்த்துவிட்டு, எலும்பு அரித்துப் போயிருக்கும், அடுத்த முறை வரும்போது விரலை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். நாயுடு டாக்டருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "படம் பார்த்துட்டு வெட்டலாமே" என்றார். அந்த 'அடுத்த முறை' வந்துவிட்டது. கத்திரி வெயில். கையிருப்பில் மூன்றே கண்ணாடித் தகடுகள். சாயங்காலம் ரயில் வருவதற்குள் படம் வேண்டும்.

மஸ்தான் பாயைக் கூட்டி வந்தவர் அதே கொட்டகையில், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலைப் பதம் பண்ணும் தொட்டிகளுக்கு மேஸ்திரி பொன்னுரங்கம். இருவரும் தோஸ்த். ஆனால் ஒருவர் பேச்சை ஒருவர் ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

"முள்ளு, ஊசி ஏதாவது குத்திச்சா பாய்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் கெடயாது சாப். தானா வீங்கிச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க இன்னா இருக்கு? தானாத்தான்."

பொன்னுரங்கம் கூரையைப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியை ஒரு முறை துடைத்துக்கொண்டார்.

முதல் தகட்டைக் கறுப்புக் காகித உறையில் போட்டு மேஜையில் வைத்து, பாயின் கட்டைவிரலை அதன்மேல் படுக்க வைத்தேன். இன்ஜின் ஓடுகிறது. குழாய் பொறி விடுகிறது. இருட்டறைக்குக் கொண்டுபோய் முதல் மருந்துத் தட்டில் போட்டதுமே படத்தில் மூன்று கட்டைவிரல். விரல் நகர்ந்திருக்கிறது.

"பாய், அசைக்கக் கூடாதுன்னு சொன்னேனே?"

"நான் எங்கப்பா அசைச்சேன்? அதுவா போவுது. அந்தக் காயிதத்துல மடிப்பு இருக்குது, பாத்தியா நீ? மட்டமான சரக்கு."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. எதன்மேல் வைத்தாலும் அந்த விரல் தடவிப் பார்க்கும். வலியில் உயிர் போனாலும் தடவும். அது அவர் சொல் கேட்கிற விரல் இல்லை. மணல் மூட்டையை வைத்து அழுத்தலாம் என்றால் வீங்கிய விரலைத் தொட விடமாட்டார்.

பொன்னுரங்கம் சிரித்தார். "நல்ல சரக்கு மேல வெச்சா தன்னால நிக்கும், டாக்டரய்யா. நான் தெனம் பாக்கறேனே. மொத ரகம் வந்தா வெரலு அப்படியே குந்திக்கும்." சொல்லிவிட்டு எழுந்து போய், கொட்டகையிலிருந்து பட்டு மாதிரி ஓர் ஆட்டுத்தோலைக் கொண்டுவந்தார். எக்ஸ்ரேக்குத் தோல் ஒரு தடையில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "பார்ப்போம்" என்றார்.

இரண்டாவது தகட்டின்மேல் தோலை விரித்தோம். கட்டைவிரல் ஒரு முறை மேலே போய்க் கீழே வந்தது. பிறகு நின்றது. நின்றது என்றால், தொட்டிலில் பிள்ளை தூங்குகிற மாதிரி. குழாய் அணைகிறவரை இம்மியும் அசையவில்லை. "மொத ரகம்" என்று பாய் தமக்குள் சொல்லிக்கொண்டார்.

சந்தோஷமாகத் தகட்டை இருட்டறைக்குக் கொண்டுபோனேன். சிவப்பு விளக்கில் முதல் தட்டில் போட்டதும் விரல் அழகாக எழும்பி வந்தது. இரண்டாவது தட்டுக்கு மாற்றினேன். அங்கே என் கண் முன்னால் அந்த விரல் கண்ணாடியை விட்டுக் கழன்று, கஞ்சியின் மேல் ஆடை நகர்வது போல ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருண்டுபோய்விட்டது. தகட்டின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். தண்ணீர் சூடானால் இளகிவிடும். வெயில் காலத்தில் சென்னையிலிருந்து ரயிலில் மரத்தூளில் புதைத்த ஐஸ் வரும். தட்டுகளை அதன்மேல் வைத்துத்தான் கழுவுவோம். அன்றைக்கு மரத்தூள் மட்டும்தான் வந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொருவன் விரல் என் கையில் கரைந்து போனால் எப்படி இருக்கும்?

டாக்டர் திட்டவில்லை. துண்டைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தார். வெப்ப தேசங்களில் ஜெலட்டின் இறுகுவதற்குக் குரோம் படிகாரம் கலந்த தண்ணீரில் ஊற வைக்கவும் என்று போட்டிருந்தது. குரோம் படிகாரத்துக்கு எங்கே போவது? மருந்து அறையில் இல்லை. பட்டணத்தில்தான் கிடைக்கும்.

"உங்க தோல் கொட்டகையில இருக்குமா மேஸ்திரி?" என்று கேட்டார்.

பொன்னுரங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. "குரோமா? அதுல தோல் பதம் பண்றதெல்லாம் அவசரக்காரன் வேலைங்க. எங்க தொட்டியில பட்டைதான். ஆமா, உங்களுக்கு எதுக்கு?"

"கண்ணாடி மேல ஒரு பசை பூசியிருக்கு. அது இறுகணும்."

"இன்னா பசை?"

"தோல், எலும்பு காய்ச்சி எடுக்கறது."

"தோலா!" என்று பொன்னுரங்கம் எழுந்து நின்றார். "அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? பச்சைத் தோலைச் சுடுதண்ணியில போட்டா கரையாம இன்னா பண்ணும்? பதம் பண்ணிட்டீங்கன்னா எதுவும் ஆவாது. ஆட்டுத்தோலா, மாட்டுத்தோலா?"

டாக்டர் புத்தகத்தைப் புரட்டினார். அதில் அந்த விவரம் இல்லை.

அடுத்த கால் மணியில் ஒரு பித்தளைக் குடத்தில் ஆவாரம்பட்டைத் தண்ணீர் வந்து சேர்ந்தது. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அந்த வாசனை தாய்ப்பால் மாதிரி; ஆனால் ஆஸ்பத்திரி இருட்டறையில் அதை நான் எதிர்பார்க்கவில்லை. புத்தகத்தில் இல்லாத சங்கதி என்று டாக்டருக்கு ஒரே தயக்கம். முதலில், மூன்று விரல் விழுந்து கெட்டுப்போன அந்தத் தகட்டை அதில் போட்டுப் பார்க்கச் சொன்னார். பொன்னுரங்கம் குடத்துப் பக்கத்தில் குந்தி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்து, நுனி நாக்கில் வைத்தும் பார்த்தார். "பதம் ஏறிடுச்சு" என்றார். அதற்குப் பிறகு வெந்நீர் ஊற்றினால்கூட அசையவில்லை. என்ன, பழுப்பேறி இருந்தது.

கடைசித் தகடு. திரும்பவும் இன்ஜின், திரும்பவும் ஆட்டுத்தோல், திரும்பவும் அந்த விரல் போய் வந்து குந்தியது. இருட்டறைக்குள் எனக்கும் டாக்டருக்கும் பின்னால் பொன்னுரங்கமும் வந்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தோம். "என் தொட்டியில போடற தோலை எவன் கையிலயும் உட மாட்டேன்" என்றார். விரல் எழும்பியதும் பட்டைத் தண்ணீரில் இறக்கினோம். மூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம், நெஞ்சுக்கு எடுக்கிற படம் இல்லை என்றாலும். அதன்பின் மற்றத் தட்டுகள், கழுவல், எல்லாம் ஆயிற்று. பூச்சு ஒரு நூல் நகரவில்லை.

வெளியே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். எக்ஸ்ரே படம் என்றால் கறுப்பு வெள்ளை. இது டீ நிறத்தில் இருந்தது. மணம் வேறு. ஆனால் விரல் தெளிவாக இருந்தது. எலும்பு முழுசாக, ஓர் அரிப்பும் இல்லாமல் இருந்தது. அதற்குப் பக்கத்துச் சதையில் நெல் முனை அளவுக்குப் பளிச்சென்று ஒரு கோடு.

"இது என்ன பாய்?" என்றார் டாக்டர்.

மஸ்தான் பாய் படத்தை இடது கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "சரக்குக் கோளாறு. உங்க தகட்டுல கீறல்."

"தகட்டுல இல்ல. உங்க விரல்ல இருக்கு. இரும்பு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு, மறுபடியும் கழற்றினார். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

பொன்னுரங்கம்தான் பொறுக்கமாட்டாமல் கத்தினார். "யோவ், இன்னும் செத்த நேரத்துல ரயிலு வந்துரும். வெரலை எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் இன்னாத்த வெச்சி தரம் பிரிப்ப, மூக்கை வெச்சா? சொல்லித் தொலையேன்யா!"

பாய் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். ஒரு மாட்டுத்தோல் வந்ததாம். மாசு மறு இல்லை. தடவி முதல் தரம் என்று சொல்லி ஒதுக்கிய பிறகுதான் விரலில் சுருக்கென்றது. முள்வேலிக் கம்பியின் முனை. மேய்கிற மாட்டின் மேல் குத்தி முறிந்து தோலோடு வந்திருக்க வேண்டும். திரும்ப எடுக்கலாம் என்று பார்ப்பதற்குள் அந்தத் தோல் கட்டுக்குள் போய், கட்டும் கப்பலுக்குப் போய்விட்டது.

"இத்தினி வருசத்துல என் வெரலுக்குக் கீழ பழுதான சரக்கு போனதில்ல, சாப். கம்பி குத்திச்சுன்னு சொன்னா, கம்பி இருந்த தோலுக்கு மொத ரகம் போட்டேன்னு ஆவுதில்ல? வெரலு போனா தலையெழுத்து. பேரு போனா எங்க போய் வாங்கறது?"

ஒரு கம்பித் துண்டுக்காக இந்த மனிதர் கட்டைவிரலைக் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாரே என்று எனக்குக் கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பாய், கம்பி இப்ப எங்க இருக்கு?"

"வெரல்லதான்."

"அப்ப தோல்ல இல்லையே. நீங்க அனுப்பினது கம்பி இல்லாத தோல். முதல் தரம்தான்."

மஸ்தான் பாய் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் மெதுவாக வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். "ஆமால்ல?" என்றார்.

"ஆனா கம்பி குத்தின ஓட்டை..." என்று பொன்னுரங்கம் ஆரம்பித்தார். டாக்டரின் கை மூக்குக் கண்ணாடிப் பக்கம் போயிற்று. பொன்னுரங்கம் வாயை மூடிக்கொண்டார்.

ரயில் வந்தது. சர்ஜன் கத்திப் பெட்டியோடு வந்து, நாங்கள் நீட்டிய படத்தை வாங்கினார். முதலில் பார்த்தார், பிறகு மோந்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "உள்ளூர் முறை" என்று நாயுடு டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. சின்னதாக ஒரு கீறல் கீறி, இடுக்கியை விட்டு, கம்பி முனையை எடுத்துத் தட்டில் போட்டார். டிங் என்ற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. சில வாரங்களில் விரல் வீக்கம் வடிந்து, பாய் பழையபடி ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அந்தப் படத்தை டாக்டர் எனக்கே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பாய் பிரியாணிச் சட்டியோடு வீட்டுக்கு வருவார். சுவரில் மாட்டியிருக்கும் படத்தை எடுத்துத் தடவிப் பார்த்து, "ரெண்டாந்தரம்" என்பார். பொன்னுரங்கத்துக்கு உயிர் போய்விடும். "ஏன்யா, என் பதத்துக்கு இன்னாய்யா கொறச்சல்?" என்று கேட்டால், "நெறம் ஜாஸ்தி, வெரலு கோணல்" என்பார். அந்தச் சண்டை முடிந்த பிறகுதான் சோறு.

இந்தப் புது மெஷினுக்கு மாலை போட்டுவிட்டு வந்த மறுநாள், பொன்னுரங்கமும் நானும் மேல்விஷாரம் போனோம். மஸ்தான் பாய் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னால், "வெரலு இருக்கறப்ப கண்ணு எதுக்கு?" என்று பேஜார் பண்ணுகிறார். ஒன்றும் சொல்லாமல் படத்தை அவர் மடியில் வைத்தேன். அந்தக் காலத்தில் நான் எடுத்த மற்றத் தகடுகளெல்லாம் பூஞ்சை பிடித்து உரிந்து போய்விட்டன. அந்த ஒன்று மட்டும் அன்றைக்குக் காய வைத்த மாதிரி இருக்கிறது.

கட்டைவிரல் மேலே போயிற்று. கீழே வந்தது.

"மொத ரகம்" என்றார் பாய். "எவன் பண்ண பதம் இது? கை வெச்சா தெரியுதே."

பொன்னுரங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் காத்திருந்து கேட்ட வார்த்தை அல்லவா! "உன் வெரலு படம்தான்யா அது. என் பட்டைத் தண்ணியில போட்டது" என்றார்.

பாய் பொக்கை வாயால் சிரித்தார்.

"அப்படின்னா ரெண்டாந்தரம்தான். சொந்தச் சரக்குக்கு மொத ரகம் போடக் கூடாது."

வாய் அப்படிச் சொன்னது. கட்டைவிரல் மட்டும் படத்தின் மேலேயே குந்தியிருந்தது, அசையவே இல்லை.